பத்தியம் பிசகாமல்

எனக்குப் பேய் பிடித்திருந்தது என்று சொல்வார்கள். சொன்னவர்கள் எல்லாரும் நல்லவர்கள். என்னைப் பட்டினி போட்டவர்களும் அவர்களேதான். ஆனால் பட்டினி என்று அதற்குப் பெயர் கிடையாது. பத்தியம் என்று பெயர்.

இதை எழுதுவதற்கு ஒரே ஒரு காரணம். என்னுடைய முதல் பிள்ளை பெண். அவள் முகம் எனக்குத் தெரியாது. பிறந்த அன்றே போயிருந்தால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். மூன்று மாதம் போல என் மடியில் கிடந்திருக்கிறாள், என் பாலைக் குடித்திருக்கிறாள், என்னைப் பார்த்துச் சிரித்தும் இருப்பாள். அதில் ஒரு நாள்கூட என் தலையில் தங்கவில்லை. ஏழாம் மாதம் கையில் வளையல் போட்டது நினைவிருக்கிறது. பிறகு ஆஸ்பத்திரிக் கட்டில் நினைவிருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. பார்த்தவர்களிடம் கேட்டு அந்த முகத்தை வாங்கிவிடலாம் என்று வருஷக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தோட்டம் நோர்வூட்டுக்கு மேலே. பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலைக்குள்ளே மூச்சு வாங்க ஏற வேண்டும். எனக்குக் கல்யாணமான கொஞ்ச நாளில் என் அம்மாவும் தம்பிமாரும் பாஸ்போர்ட் கிடைத்து இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். நான் புருஷன் குடும்பத்துக் கணக்கில் சேர்ந்து இங்கேயே நின்றுவிட்டேன். ஆகவே பிள்ளைப்பேறு என்றால் எனக்கு மாமியார்தான். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன்.

நான் உண்டானது எழுபதுகளில் அந்தப் பெரிய பஞ்சம் வந்த நேரம். கூப்பன் அரிசியைக் குறைத்தார்கள், பிறகு இன்னும் குறைத்தார்கள். பேக்கரிப் பாணுக்கு விடியுமுன்னே போய் நின்றவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். தோட்டத்தில் மாவு அளந்து கொடுத்தார்கள், அதுவும் வீட்டுக்குக் காணாது. ஜனங்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்றார்கள், வத்தாளங்கிழங்கைத் தின்றார்கள், தேயிலை மலையில் முளைத்த கீரையை எல்லாம் பிடுங்கித் தின்றார்கள். தேயிலைத் தூளுக்கு மட்டும் எங்கள் வீட்டில் குறை இருக்கவில்லை. பசி எடுத்தால் சாயத்தண்ணி, பிள்ளை அழுதால் சாயத்தண்ணி, விருந்தாளி வந்தாலும் சாயத்தண்ணி. உலகத்துக்கே தேயிலை அனுப்பும் மலையில் அதையே குடித்து வயிற்றை ஏமாற்றினோம்.

அந்த வருஷம் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நடந்த சண்டைகளை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. தண்ணீர்ப் பீலியில் குடம் வைப்பதற்கு முடியைப் பிடித்து அடித்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பி வெட்டுக்கத்தியைத் தூக்கினார்கள். ஒரு மனுஷன் காலையில் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற பாதையில் உட்கார்ந்து காரணமே இல்லாமல் ஒப்பாரி வைத்தார். சனியன் பிடித்திருக்கிறது, செய்வினை இருக்கிறது, காவல் தெய்வத்துக்குக் கடா வெட்டவில்லை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வயிற்றில் ஒன்றும் இல்லை என்பதை மட்டும் யாரும் காரணமாகச் சொல்லவில்லை. அது எல்லாருக்கும் பொதுவாக இருந்ததால் கண்ணில் படவில்லை போலும்.

இந்த அளவுக்கு என் சொந்த ஞாபகம். இதற்கு மேல் சொல்வது எல்லாம் கேட்டது.

முதலில் எனக்குச் சொன்னவள் பக்கத்துக் காம்பராக்காரி. லயத்தில் இரண்டு காம்பராவுக்கும் நடுச்சுவர் கூரை வரை போகாது, ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் தண்ணீர் கொடுப்பார்கள். அவளும் இந்தியாவுக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தாள். போவதற்கு முன் அவளைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன்.

"அத ஏன் கேக்குற," என்றாள். "ஒங்க மாமியா ஒனக்குச் செஞ்ச மாதிரி எந்த மாமியாளும் செய்ய மாட்டா. நாங்க எல்லாம் கெழங்கத் தின்னுக்கிட்டுக் கெடந்தோம். ஒனக்கு மட்டும் வெள்ள மாவு ரொட்டி. அவுங்க பங்கு மாவையும் ஒனக்குத்தான் சுட்டுக் குடுத்தாங்க."

அதுதான் பத்தியம். பிள்ளை பெற்ற உடம்பு பச்சை உடம்பு என்பார்கள். அதற்குக் கொடுக்க வேண்டியது இருக்கிறது, கொடுக்கக் கூடாதது இருக்கிறது. கொடுக்க வேண்டியது பூண்டு, மிளகு, பால்சுறாக் கருவாடு, நாட்டுக்கோழி, முட்டை. கூடாதது கிழங்கு, அது வாயு. கீரை கூடாது, குளிர்ச்சி. பருப்பும் பயறும் கூடாது, பிள்ளைக்கு மாந்தம் வரும். குரக்கன் என்கிற கேழ்வரகு கூடாது, அதற்கு ஏதோ ஒரு காரணம். நல்ல காலத்தில் இந்த இரண்டும் சேர்ந்து ஒரு பெண்ணைத் தூக்கி நிறுத்திவிடும். பஞ்சத்தில் என்ன ஆனது என்றால், கொடுக்க வேண்டியதில் மிளகைத் தவிர எதுவும் நோர்வூட் நானாவின் மளிகைக் கடையில் இல்லை, கருவாட்டுப் பெட்டி காலியாகக் கிடந்தது. கூடாதது மட்டும் வீட்டில் இருந்தது. அத்தை பத்தியத்தின் பாதியைக் கைவிட வேண்டி வந்தது. மிச்சப் பாதியைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினார்.

ஆக எனக்கு வெள்ளை மாவு ரொட்டி, சுட்டது, தேங்காய் இல்லாமல். மிளகுத் தூள் கொஞ்சம். அதைத் தொண்டையில் இறக்கக் கடுஞ்சாயம். காலையும் அதுதான், பகலும் அதுதான், அந்திக்கும் அதுதான். அத்தையும் என் புருஷனும் அடுப்படியில் உட்கார்ந்து மரவள்ளியும் கீரைச் சுண்டலும் தின்றார்கள். வாசம் வந்து நான் கேட்டிருக்கிறேனாம். "வாயக் கட்டுடி, புள்ள வேணுமா வேணாமா," என்று அத்தை அதட்டினாராம். அவர் பெற்றதில் பாதியை மண்ணுக்குக் கொடுத்தவர். அந்தப் பயத்தில் என் பிள்ளையை எப்படியும் காப்பாற்றிவிடுவது என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, தன் வாயை அல்ல, என் வாயைக் கட்டி நின்றார். அவர்கள் தின்ற கிழங்கும் கீரையும் அவர்களுக்குப் புத்தியைக் காத்துக் கொடுத்தன. லயத்திலேயே மிக நன்றாகக் கவனிக்கப்பட்ட எனக்குத்தான் தலை கெட்டது.

நாற்பது நாளில் முடிய வேண்டிய பத்தியம் முடியவில்லை. எனக்கு வாந்தி வந்தது, பத்தியத்தை இறுக்கினார். கால் மரத்துப்போனது, இன்னும் இறுக்கினார். சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியாமல் போனபோது ரொட்டியில் உப்பையும் குறைத்தார். நோய் ஒவ்வொரு படி ஏறும்போதும் என் சாப்பாடு ஒவ்வொரு படி இறங்கியது.

பிறகு கண் ஆடத் தொடங்கியதாம். நேராகப் பார்க்க முடியாமல் கருமணி பக்கவாட்டில் துடித்துக்கொண்டே இருந்ததாம். அதோடு பேச்சும் வந்தது. "அம்மாவோட காலையில கொழுந்துக்குப் போனேன், இப்பதான் வந்தேன். அம்மா பீலிக்கிட்ட நிக்கிறாங்க, கூட்டிக்கிட்டு வாங்க," என்றேனாம். அம்மா கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், நானோ காம்பராவை விட்டு வெளியே போய் மாதக் கணக்காகிறது. கேட்ட என் புருஷனுக்கு வேர்த்துவிட்டதாம். கண் ஆடுகிறது, நடை தள்ளாடுகிறது, இல்லாத ஆளோடு பேச்சு. பேய் என்று சொல்ல எங்கள் லயத்தில் இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

தோட்டத்தின் கீழ் டிவிசனிலிருந்து பேயோட்டும் கோடாங்கியைக் கூட்டிவந்தார்கள். உடுக்கை அடித்தார், வேப்பிலையால் அடித்தார், மிளகாய்ப் புகை போட்டார். நீ யார் என்று அவர் கேட்டதற்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பெயர் சொன்னேனாம். கோடாங்கிக்கு மகிழ்ச்சி. ஒன்று அல்ல, கூட்டமாக வந்திருக்கிறது என்றார். போகும்போது அவர் சொன்னதைப் பக்கத்துக் காம்பராக்காரி அப்படியே எனக்குச் சொன்னாள்.

"நீங்க போடுற சோத்த அவ திங்கல, அதுதான் திங்கிது. அதப் பட்டினி போடுங்க, தானா எறங்கிரும்."

ஆக மூன்று வேளை ரொட்டி ஒரு வேளை ஆனது. சாயத்தண்ணியை மட்டும் நிறுத்தவில்லை. சாயத்தண்ணியில் பேய்க்கு ருசி இல்லை போலிருக்கிறது.

"புள்ள?" என்று கேட்டேன்.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "மொதல்ல நல்லாத்தான் அழுதுச்சு. அப்பறம் பூனக்குட்டி மாதிரி கம்மிப்போச்சு. அப்பறம் சத்தமே இல்ல. நான் செவுத்துல காத வச்சுக் கேப்பேன். நீ பேசுறது மட்டுந்தான் கேக்கும்."

"மொகம் எப்பிடி இருந்துச்சு?"

"நான் மாசமா இருந்தேன்ல. பேய் புடிச்ச வீட்டுக்குள்ள என்னைய எப்பிடி விடுவாங்க?"

அவள் இந்தியாவுக்குப் போய்விட்டாள். அவளிடமிருந்து எனக்குக் கிடைத்தது ஒரு குரல் மட்டும். அதுவும் தேய்ந்துபோன குரல்.

பிள்ளை போன பிறகு எனக்குக் கால் முழுதாக விழுந்துவிட்டது. கோடாங்கி கைவிரித்தார். அதற்குப் பிறகுதான் தோட்டத்து மருந்தையா வந்து பார்த்து, கொழுந்து லொறியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஒரு சிங்கள டாக்டர் என் கண்ணைப் பார்த்துவிட்டு, விரலை அசைத்துப் பார்த்துவிட்டு, என்னை விட்டுவிட்டு அத்தையிடம் கேட்டாராம், "கன்ன மொனவாத துன்னே?" தின்ன என்ன கொடுத்தாய் என்று. தமிழ் தெரிந்த நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி எடுத்துச் சொல்ல, அத்தை நிமிர்ந்து நின்று, "பத்தியம் பிசகாமப் பாத்தேங்க. வெள்ள மாவும் சாயத்தண்ணியும் தவிர வேற எதையும் கண்ணுல காட்டல," என்றாராம். அந்தப் பெருமையை அவரே பிற்காலத்தில் எனக்குச் சொல்லியிருக்கிறார். டாக்டர் ஒன்றும் திட்டவில்லையாம். மிஸ்ஸியிடம் ஊசி எடுத்துவரச் சொன்னாராம்.

மஞ்சள் நிற ஊசி போட்டார்கள். மறுநாள் கண் ஆட்டம் நின்றுவிட்டது. இத்தனை உடுக்கை, இத்தனை வேப்பிலை, இத்தனை மிளகாய்க்கு இறங்காத பேய் ஒரு ஊசிக்கு இறங்கிவிட்டது. அது என்ன ஊசி என்று நான் பிறகு மிஸ்ஸியிடம் கேட்டேன். விட்டமின் என்றாள். தவிட்டிலும் பயறிலும் பருப்பிலும் முட்டையிலும் இருப்பதுதானாம். அது இல்லாமல் மூளை வேலை செய்யாதாம். வெள்ளை மாவில் அது சொற்பமாம், கடுஞ்சாயம் அந்தச் சொற்பத்தையும் வீணாக்கிவிடுமாம். என் பாலில் அது இல்லாததால்தான் பிள்ளைக்கும் குரல் போய், நெஞ்சும் நின்றிருக்கும் என்றாள். வேலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு அது வார்டில் நாள்தோறும் பார்க்கிற சங்கதி.

என் ஞாபகம் மறுபடி தொடங்குவது அந்தக் கட்டிலில்தான். சிவப்பரிசிச் சோறு, மேலே பருப்புக் கறி. அந்த வாசம்தான் முதலில் வந்தது. எத்தனை தட்டுத் தின்றேன் என்று தெரியாது. தின்றுகொண்டிருக்கும்போது குனிந்து பார்த்தால் ரவிக்கை நனைந்திருந்தது. மார் இரண்டும் கல்லாகக் கனத்து வலித்தன. பால் கட்டியிருக்கிறது என்று புரிந்தது. யாருக்கு என்று புரியவில்லை.

அத்தையிடம் கேட்டேன். "அத்தே, எனக்குப் புள்ள பொறந்துச்சா?"

"பொறந்துச்சு. செத்துப்போச்சு," என்றார்.

அழுதேன். மிஸ்ஸி பிறகு சொன்னபடி, மறுநாள் அதை மறந்துபோய் மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னார். மறுபடி புதிதாக அழுதேன். இப்படி ஒவ்வொரு நாளும் என் பிள்ளை எனக்குப் புதிதாகச் செத்தது. கடைசியில் மிஸ்ஸிக்கே பொறுக்காமல், "புள்ள வீட்ல இருக்கு, நீங்க சாப்புடுங்க," என்று சொல்லத் தொடங்கினாள். பாவம், இரக்கம் பார்த்துச் சொன்னது. அதை மட்டும் என் தலை மறக்காமல் பிடித்து வைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து காம்பரா முழுக்கத் தொட்டிலைத் தேடினேன். தொட்டில் கட்டிய சேலையை அத்தை துவைத்து உடுத்தியிருந்தார்.

கால் தேறியது. மாதங்கள் போகப் போக அன்றைக்கு நடந்தது அன்றைக்கு நிற்கத் தொடங்கியது. மலைக்குப் போனேன், கொழுந்து பறித்தேன், வேலை மேற்பார்க்கிற கண்டாக்கையாவின் ஏச்சை மறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஓட்டையாகிப்போன அந்த மாதங்கள் மட்டும் திரும்பவே இல்லை. மறுபடி ஏதாவது தவறிப்போய்விடுமோ என்ற பயத்தில்தான் எழுதிப் பழகினேன். இன்றைக்கு என்னை எழுதுகிறவள் என்கிறார்கள். பயந்தவள் என்பதுதான் சரி.

பஞ்சம் போய் அரிசி வந்ததும் தோட்டத்தில் பேய்களும் போய்விட்டன. லயத்தில் சண்டை குறைந்தது. பாதையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்த மனுஷன் ஒழுங்காகப் பெரட்டுக்குப் போனார். கோடாங்கிக்குத் தொழில் படுத்து, உடுக்கையைத் தூக்கி வைத்துவிட்டுத் தேயிலைக் கவ்வாத்து வெட்டப் போனார். சோற்றைக் கண்டதும் ஓடிப்போகிற பேயை யாரும் சந்தேகப்படவில்லை. கோடாங்கி விரட்டியதாகவே இன்னும் சொல்கிறார்கள்.

நான் சாப்பிடுகிற விஷயத்தில் வெட்கம் கெட்டவளானேன். மலையிலிருந்து வந்ததும் யாருக்கும் போடாமல் முதலில் நான் போட்டுத் தின்பேன். பயறு அவித்தால் பாதி எனக்கு. அடுத்து ஒரு மகன் பிறந்தபோது நாலாம் நாளே கீரையும் பருப்பும் போட்டுச் சோறு தின்றேன். அத்தை வாசலில் நின்று பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

முகத்தைப் பற்றிப் புருஷனிடம் கேட்டேன். நல்ல மனுஷன், பொய் சொல்லத் தெரியாது. யோசித்துப் பார்த்துவிட்டு, "கொழந்த மாதிரிதான் இருந்துச்சு," என்றார். அத்தையிடம் கேட்டால், "செத்தத எதுக்குத் தோண்டுற," என்று எழுந்து போய்விடுவார். இப்படியே வருஷங்கள் ஓடின.

எண்பதுகளில் அத்தைக்கு வயதாகிவிட்டது. வேலையிலிருந்து நின்று, பல்லெல்லாம் போய், காம்பராவோடு இருந்தார். பல் இல்லாததால் பாணைச் சாயத்தண்ணியில் தோய்த்துத் தின்பதுதான் அவருக்குச் சாப்பாடு. வேறு எதை வைத்தாலும் தள்ளிவிடுவார். கொஞ்ச நாளில் அடுப்பில் தண்ணீர் வைத்ததை மறந்தார். பேரனைத் தன் தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நடக்கும்போது சுவரைத் தேடினார். வயசு என்றார்கள் எல்லாரும். எனக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை. வெள்ளை மாவும் சாயத்தண்ணியும் என்ன செய்யும் என்று அந்த லயத்தில் எனக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்குத் தெரியும்? என் மகளின் முகம் இந்த உலகத்தில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு தலைக்குள்தான். அது என் கண்முன்னே கரைந்துகொண்டிருந்தது.

அன்றைக்கே பாணை நிறுத்தினேன். சிவப்பரிசியைக் குழைய வடித்தேன். பருப்பைக் கடைந்தேன். பயறு, வல்லாரை, நாளுக்கு ஒரு முட்டை. கருவாட்டை முள் எடுத்துப் பிசைந்து கொடுத்தேன். என் மகனுக்கு இல்லாத முட்டை அவருக்கு இருந்தது. லயமே மூக்கில் விரலை வைத்தது. "மருமகள்ன்னா இப்பிடில்ல இருக்கணும்," என்று பெண்கள் தங்கள் மருமகள்களுக்குக் கேட்கும்படி சொன்னார்கள். எதற்காக ஊட்டினேன் என்று எனக்கும் அத்தைக்கும்தான் தெரியும்.

ஏனென்றால் தட்டை உடனே கொடுக்க மாட்டேன். எட்டாத தூரத்தில் பிடித்துக்கொண்டு கேட்பேன்.

"புள்ள மொகம் எப்பிடி இருந்துச்சு அத்தே? சொல்லுங்க, சாப்பாடு தாறேன்."

முதல் நாள் பேசவில்லை. நானும் கொடுக்கவில்லை. இருட்டும் வரை தட்டு அடுப்பு மேட்டில் இருந்தது. மறுநாள், "மூக்கு ஒன் புருசன் மூக்கு," என்றார். தட்டைக் கொடுத்துவிட்டு வெளியே போய் அழுதேன். அந்த மூக்கை வைத்துக்கொண்டு நான் மலையில் இரண்டு நாள் சந்தோஷமாகக் கொழுந்து பறித்தேன். பிறகு கண்ணைக் கேட்டேன். பெரிய கண் என்றார். முடியைக் கேட்டேன். சுருட்டை என்றார். கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பிள்ளை உண்டாகி வந்தது. முட்டை வைத்த அன்று நல்ல சிவப்பு என்றார். கருவாடு வைத்த அன்று கன்னத்தில் குழி விழும் என்றார். இன்னொரு நாள் மாநிறம் என்றார், மூக்கும் என் அம்மா மூக்கு ஆகிவிட்டது.

எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு நாள் தட்டைப் பிடித்துக்கொண்டு, "பல்லு எப்பிடி இருந்துச்சு அத்தே?" என்று கேட்டேன்.

"அழகான பல்லு. அரிசிப் பல்லு," என்று தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

மூன்று மாதப் பிள்ளைக்குப் பல். சோற்றுக்காக அவர் எனக்குப் பிள்ளை செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். பசித்தவர் எதையும் சொல்லுவார். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான்.

அன்று தட்டைக் கொடுத்துவிட்டேன். சோறு, பருப்பு, முட்டை எல்லாவற்றையும் மிச்சம் வைக்காமல் தின்று முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கொடுத்தேன். வாயைத் துடைத்துவிட்டேன். வயிறு நிறைந்தவருக்குப் பொய் சொல்லத் தேவையில்லையே.

"அத்தே, இனி சோத்துக்காக ஒண்ணும் சொல்ல வேணாம். கேட்டாலும் கேக்காட்டியும் சோறு உண்டு. உள்ளதச் சொல்லுங்க. எம் புள்ள மொகம் எப்பிடி இருந்துச்சு?"

நான் ஊட்டிய முட்டையும் பருப்பும் வேலை செய்திருந்தன. அவர் பார்வை தெளிவாக இருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னைச் சரியாகப் பார்த்தார்.

"எனக்கு எங்கடி தெரியும்? பொறந்தப்ப எல்லாப் புள்ளைக்கும் வீங்கின கண்ணு, சப்ப மூக்கு. மொகம்னு ஒண்ணு தெளியிற நேரத்துல நீ யாருக்கும் காட்டல. முந்தானைக்குள்ள வச்சு மூடிக்கிட்ட. நாங்க கிட்ட வந்தா கடிச்ச. கோடாங்கி வேற, செத்தத மொகம் பாக்காம பொதைங்க, பாத்தா அடுத்த வயித்துக்கும் வரும்ன்னுட்டாரு. துணியோடதான் பொதச்சோம்."

அவர் வாயைத் துடைத்த துணியை மடித்தேன்.

"நீதான் பாத்த," என்றார் அத்தை. "கண்ணு அந்த ஆட்டம் ஆடுறப்பகூட அதையேதான் பாத்துக்கிட்டு இருந்த. நாள் பூரா பாத்த. நீ ஒருத்திதான் பாத்த."

தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பீலியில் கழுவினேன். மறுநாள் காலையில் முட்டை அவிக்கவில்லை. அத்தை பாண் கேட்டார். சாயத்தண்ணி ஊற்றி, பாணையும் பக்கத்தில் வைத்துவிட்டு மலைக்குப் போனேன்.